ஃபிளெக்ஸ் போய்விட்டது, ஜாவா இருக்கிறது: பழைய சர்வீஸ் கிளாஸ்களை ரியாக்ட்டிலிருந்து கூப்பிடுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். 2010 வாக்கில் எழுதிய ஒரு அலுவலக மென்பொருள். பின்னால் ஜாவாவில் டாம்கேட் (சர்வர்), ஸ்பிரிங் (சர்வீஸ் கிளாஸ்களைக் கட்டும் ஃபிரேம்வொர்க்), ஹைபர்நேட் (டேட்டாபேஸோடு பேசுவது), முன்னால் ஃபிளாஷ் பிளேயரில் ஓடும் ஃபிளெக்ஸ் ஸ்கிரீன்கள், இரண்டுக்கும் நடுவில் தூது போகும் பிளேஸ்டிஎஸ். ஃபிளாஷ் நின்ற பிறகு பழைய பிரவுசரை ஒரு தனி மெஷினில் பூட்டிவைத்து ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். இப்போது ஸ்கிரீன்களை ரியாக்ட்டில் (பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) எழுதச் சொல்லிவிட்டார்கள். சர்வீஸ் கிளாஸ்களில் 340 பப்ளிக் மெத்தட்கள் இருக்கின்றன. ஃபிளெக்ஸில் ரிமோட்ஆப்ஜெக்ட் வைத்து ஜாவா மெத்தடை நேராகக் கூப்பிட்டதுபோல ரியாக்ட்டிலிருந்தும் கூப்பிட ஏதாவது லைப்ரரி உண்டா, இல்லை 340 ரெஸ்ட் ஏபிஐ (ஹெச்டிடிபி வழியாகக் கூப்பிடும் முகவரிகள்) எழுதித்தான் ஆகவேண்டுமா என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில், பேக்கெண்டைத் தொடாமல் தப்பிக்க முடியுமா என்ற கேள்வி இருக்கிறது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பிசினஸ் லாஜிக்கைப் பெரும்பாலும் தொடாமலே தப்பிக்கலாம். ஆனால் நடுவில் ஒரு மெல்லிய அடுக்கை நீங்களே எழுத வேண்டும். அது 340 ஏபிஐ ஆக இருக்காது என்று தைரியமாகச் சொல்லலாம். அந்த அடுக்கை எழுதுவதுகூடப் பெரிய வேலை இல்லை. இத்தனை வருடமாக பிளேஸ்டிஎஸ் சத்தம் போடாமல் உங்களுக்காக என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் நாள் போகும். 2008இலிருந்து ஃபிளெக்ஸும் ஜாவாவும் சேர்த்து எழுதியவன் நான். இதே மாதிரி இரண்டு மென்பொருள்களை ஃபிளெக்ஸிலிருந்து வெளியே கொண்டுவந்திருக்கிறேன். இரண்டிலும் திட்டமிட்ட நாளைவிட அதிகம் இழுத்தது இந்த இடத்தில்தான்.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் டீமில் பாதிப்பேர் ஃபிளெக்ஸைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். 2004இல் மேக்ரோமீடியா கொண்டுவந்தது ஃபிளெக்ஸ். அடுத்த வருடக் கடைசியில் அந்த நிறுவனத்தையே அடோபி வாங்கியது. ஜாவா பக்கம் பேசுவதற்கான பிளேஸ்டிஎஸ் 2008இல் ஓப்பன் சோர்ஸாக வந்தது. பிறகு எல்லாவற்றையும் அப்பாச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே எதையும் ஓட்ட மறுத்தது. அந்த வாரம் எத்தனை அலுவலகங்களிலிருந்து ஃபோன் வந்தது என்று நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது.

ஃபிளெக்ஸ் ஜாவா மெத்தடை 'நேராக'க் கூப்பிட்டது என்கிறீர்கள். அது ஒரு தோற்றம்தான். ரிமோட்ஆப்ஜெக்ட்டில் நீங்கள் ஒரு மெத்தட் பெயரைச் சொன்னால், அது ஏஎம்எஃப் என்ற பைனரி வடிவத்தில் சுற்றப்பட்டு, சாதாரண ஹெச்டிடிபி போஸ்ட்டாக சர்வரில் பிளேஸ்டிஎஸின் வாசலான மெசேஜ்புரோக்கர் சர்வ்லெட்டுக்குப் போகும். அங்கே டெஸ்டினேஷன் பெயரை (கன்ஃபிக் ஃபைலில் அந்த சர்வீஸுக்குக் கொடுத்த பெயர்) வைத்து எந்த ஜாவா ஆப்ஜெக்ட் என்று பார்த்து, ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே பெயரை வைத்து மெத்தடைக் கண்டுபிடிக்கும் ஜாவா வசதி) மூலம் அந்தப் பெயருள்ள மெத்தடைத் தேடி, ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் மதிப்புகளை ஜாவா டைப்களாக மாற்றிக் கூப்பிடும். திரும்பி வருவதும் அதே வழிதான். இதில் ரியாக்ட்டால் செய்ய முடியாத மாயம் எதுவும் இல்லை. அதனாலேயே 'நாமும் இப்படி ஒன்று எழுதிவிட்டால் என்ன' என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது.

ஆசையை நிறைவேற்றியும் பார்த்தேன். ஒரே ஒரு ஏபிஐ. பீன் (ஸ்பிரிங் உருவாக்கி வைத்திருக்கும் சர்வீஸ் ஆப்ஜெக்ட்) பெயர், மெத்தட் பெயர், ஆர்க்யுமெண்ட்கள் மூன்றும் ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் வரும். ரிஃப்ளெக்‌ஷனில் கூப்பிட்டு விடையை அனுப்பும். இரண்டு நாளில் எழுதி முடித்து, எல்லா மெத்தடும் தயார் என்று பெருமையாகச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து டெஸ்ட்டிங்கில் இருந்த பெண் எஃப்12 அழுத்தி பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து, போகிற ரிக்வெஸ்ட்டைப் பார்த்து, தேடுகிற மெத்தடின் பெயரை அழித்துவிட்டு அதே பீனில் இருந்த அழிக்கிற மெத்தடின் பெயரைப் போட்டு அனுப்பினார். சாதாரண கிளார்க் லாகினில் ரெக்கார்டு போய்விட்டது. வெட்கக்கேடு என்னவென்றால், இந்த ஓட்டை ஃபிளெக்ஸ் காலத்திலும் இருந்தது. டெஸ்டினேஷனில் எந்தெந்த மெத்தட்களைத் திறந்துவிடலாம் என்று தனியாக எழுதாவிட்டால் பிளேஸ்டிஎஸ் எல்லா பப்ளிக் மெத்தடையும் திறந்துதான் வைக்கும். பைனரியாக இருந்ததால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் ரிமோட்டிங் கன்ஃபிக் ஃபைலில் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஏஎம்எஃபை அப்படியே வைத்துக்கொண்டு பிரவுசரிலிருந்து பேசவும் வழி இருக்கிறது. ஃபிளெக்ஸின் வாரிசான அப்பாச்சி ராயல் அதைச் செய்கிறது. உங்கள் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் கோட் நல்ல நிலையில் இருந்து, அதைப் புரிந்த ஆட்களும் கையில் இருந்தால் ராயலை ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ரியாக்ட் என்று முடிவான பிறகு ஏஎம்எஃபைச் சுமப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாதுகாப்பும் ஒரு காரணம். பிளேஸ்டிஎஸ் 4.7.2 வரையிலான பதிப்புகள், வருகிற பைனரியில் எந்த ஜாவா கிளாஸ் பெயர் இருந்தாலும் அதை உருவாக்க முயலும். வெளியாள் சர்வரில் தன் விருப்பத்துக்குக் கோட் ஓட்ட அது வழிவிடும். 2017இல் வந்த 4.7.3இல்தான் அனுமதித்த கிளாஸ்கள் மட்டும் என்ற கட்டுப்பாடு இயல்பாக வந்தது. 2010 மென்பொருள் என்றால் உங்களிடம் அடோபி காலத்து ஜார் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த சர்வர் இண்டர்நெட்டிலிருந்து எட்டக்கூடிய இடத்தில் இருந்தால், ரியாக்ட்டெல்லாம் அப்புறம், முதலில் அதை உள்ளே இழுங்கள்.

சரி, அப்படியென்றால் மெல்லிய அடுக்கு. எத்தனை ஏபிஐ என்று தெரிய, முதலில் யார் எதைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். டாம்கேட்டின் ஆக்ஸஸ் லாக் உதவாது. எல்லா அழைப்பும் ஒரே மெசேஜ்புரோக்கர் முகவரிக்குத்தான் போகும், லாக்கில் ஒரே வரி ஆயிரம் முறை இருக்கும். ஸ்பிரிங்கில் சர்வீஸ் கிளாஸ்களைச் சுற்றி ஒரு ஆஸ்பெக்ட் (ஒவ்வொரு மெத்தட் அழைப்பிலும் தானாக ஓடும் கோட்) போட்டு, மெத்தட் பெயர், பயனரின் ரோல், எடுத்த நேரம் மூன்றையும் எழுதவிடுங்கள். இரண்டு மாதமாவது ஓடட்டும். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு அதற்குள் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒருநாள் மட்டும் தொடப்படும் மெத்தட்கள் இருக்கும், அவை இல்லாமல் ஏப்ரல் 1ஆம் தேதி உங்களை வீட்டுக்கு விடமாட்டார்கள். நான் செய்த ஒன்றில் ஏறத்தாழப் பாதி மெத்தட்களை யாருமே கூப்பிடவில்லை. மீதியில் பலவும் ஒரே ஸ்கிரீன் திறக்கும்போது வரிசையாகப் போகிறவை. அவற்றை ஒன்றாக்கி, 'இந்த ஸ்கிரீனுக்கு வேண்டியது' என்று ஒரே ஏபிஐயாகக் கொடுத்துவிடலாம். மெத்தடுக்கு ஒரு ஏபிஐ என்று கணக்குப் போடாதீர்கள். பயனர் செய்கிற ஒரு காரியத்துக்கு ஒரு ஏபிஐ என்று போடுங்கள்.

வரிசையாகப் போகிறவை என்றேன். என்னை அதிகம் படுத்திய பக் அங்கேதான் ஒளிந்திருந்தது. ஃபிளெக்ஸில் ஒரு ஸ்கிரீன் ஒரே நேரத்தில் நான்கு மெத்தட்களைக் கூப்பிட்டால், நான்கும் ஒரே ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட்டில் மூட்டையாகப் போகும். சர்வரில் ஒன்றன்பின் ஒன்றாக, எழுதிய வரிசையிலேயே நடக்கும். எங்கள் ஸ்கிரீனில் முதல் அழைப்பு, தேர்ந்தெடுத்த கிளையை செஷனில் (அந்தப் பயனருக்காக சர்வர் நினைவில் வைக்கும் இடம்) வைக்கும். அடுத்த மூன்றும் அந்த செஷனிலிருந்து கிளையை எடுத்து விவரம் கொண்டுவரும். பத்து வருடம் பிசகாமல் ஓடியது. ரியாக்ட்டில் அதே நான்கும் நான்கு தனி ரிக்வெஸ்ட்களாக, ஒரே சமயத்தில், நான்கு திரெட்களில் போயின. பத்தில் ஒருமுறை, முந்தைய கிளையின் கணக்குகள் இந்தக் கிளையின் பெயரில் வந்து நின்றன. என் மெஷினில் ஒருமுறைகூட வரவில்லை. காரணம் பிடிபட மூன்று வாரம் ஆனது. அதனால் செஷனில் 'இப்போது தேர்ந்தெடுத்தது' என்று எதை வைத்திருந்தாலும் அதை வெளியே எடுத்து, ஒவ்வொரு அழைப்பிலும் ஆர்க்யுமெண்ட்டாக அனுப்புங்கள். லாகின் விவரம் மட்டும் செஷனில் இருக்கட்டும். உங்கள் கோடைப் பார்க்காமல் இது எத்தனை இடத்தில் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் எழுதிய எல்லோரும் இதைச் செய்தோம்.

அடுத்து டேட்டாவின் வடிவம். ஏஎம்எஃப் ஒரு ஆப்ஜெக்ட் இரண்டு இடத்தில் வந்தால் ஒருமுறை எழுதிவிட்டு, இரண்டாவது இடத்தில் 'முன்னே வந்ததுதான்' என்று குறித்துவிடும். அதனால் ஆர்டருக்குள் வரிகள், ஒவ்வொரு வரிக்குள்ளும் அதே ஆர்டர் என்று சுற்றிச்சுற்றி இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஜேசனில் அந்த வசதி கிடையாது. ஹைபர்நேட் என்டிட்டியை (டேபிளின் ஒரு ரெக்கார்டைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) அப்படியே ஜாக்சனிடம் (ஜாவா ஆப்ஜெக்ட்டை ஜேசனாக்கும் லைப்ரரி) கொடுத்தால் ஆர்டர், வரி, ஆர்டர், வரி என்று ஸ்டாக் நிரம்பும்வரை எழுதிக்கொண்டே போகும். இதை நிறுத்த ஜாக்சனில் அனோட்டேஷன்கள் உண்டு. நாலைந்து இடத்தில் போட்டுச் சமாளிக்கலாம். ஐம்பது இடத்தில் போட ஆரம்பித்தால் எது எங்கே நிற்கிறது என்று போட்டவருக்கே தெரியாது. லேசி லோடிங் (கேட்கும்போது மட்டும் டேட்டாவைக் கொண்டுவருவது) தொல்லை இதே இடத்தில் சேர்ந்துகொள்ளும்: ஜாக்சன் ஒவ்வொரு கெட்டரையும் தொட, அது ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்கு ஒரு குவெரியாகப் போகும், அல்லது ஹைபர்நேட் செஷன் மூடியிருந்தால் எரராக வெடிக்கும். என்டிட்டியை வெளியே விடாதீர்கள். ஸ்கிரீனுக்கு வேண்டிய ஃபீல்டுகள் மட்டும் உள்ள சின்ன கிளாஸ்களை எழுதி, மெல்லிய அடுக்கிலேயே நிரப்பி அனுப்புங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் டேபிளில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தால் ஸ்கிரீன் உடையாது, யாரும் பார்க்கக் கூடாத சம்பள ஃபீல்டு தவறிப்போய் பிரவுசருக்குப் போகாது.

எண்களில் மூன்று விஷயங்கள் உறுதியாகத் தெரியும். ஜாவாவின் லாங் 19 இலக்கம் வரை தாங்கும். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் 9007199254740991 வரைதான் பிசகாது. அதற்கு மேலே கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்டிலும் இதே எல்லைதான் இருந்தது, ஆகவே பழைய ஐடிகள் தப்பித்துவிடும். இடையில் யாராவது நீளமான ஐடி உருவாக்கும் முறைக்கு மாறியிருந்தால் ஐடியை ஸ்ட்ரிங்காக அனுப்புங்கள். இரண்டாவது, பிக்டெசிமல். பிளேஸ்டிஎஸ் அதை ஸ்ட்ரிங்காக மாற்றி அனுப்பியது. ஜாக்சன் இயல்பாக எண்ணாக அனுப்பும். பணத்தொகையை ஸ்ட்ரிங்காகவே அனுப்பச் சொல்லி, கூட்டல் கழித்தலை சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கொஞ்சம் விசித்திரம். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்டின் இன்ட் டைப்புக்கு நல் (null, அதாவது மதிப்பே இல்லை) என்பது கிடையாது. ஜாவாவிலிருந்து நல்லாகப் போன இன்டீஜர் அங்கே பூஜ்யமாகி, பயனர் சேவ் அழுத்தியதும் பூஜ்யமாகவே திரும்பி வந்து டேபிளில் உட்கார்ந்திருக்கும். உங்கள் டேட்டாபேஸில் இருக்கும் பூஜ்யங்களில் எது உண்மையான பூஜ்யம், எது 'யாரும் நிரப்பாதது' என்று இப்போது பிரிக்க முடியாது. புதிய ஸ்கிரீன் நல்லைச் சரியாகக் காட்டத் தொடங்கியதும் பழைய ரெக்கார்டு ஒரு மாதிரியும் புதியது ஒரு மாதிரியும் தெரியும். பயனர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தேதி. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இருந்தாலும் சுருக்கமாக. நம் நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. பயனர் ஜனவரி 5 என்று தேர்ந்தெடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட் ஆப்ஜெக்ட்டில் அது நம் ஊர் நள்ளிரவு. அதை ஜேசனாக்கினால் ஜனவரி 4, 18:30 என்று உலக நேரத்தில் போகும். சர்வரில் ஒருவர் முதல் பத்து எழுத்தை வெட்டித் தேதி என்று எடுத்தால் ஒருநாள் குறைந்துவிட்டது. ஃபிளெக்ஸிலும் தேதி உலக நேர மில்லிசெகண்டாகத்தான் போனது. ஆனால் சர்வரும் நம் நேரத்திலேயே ஓடியதால் திரும்ப அதே நள்ளிரவாக மாறிச் சரியாகிவிட்டது. இப்போது பலரும் சர்வரையும் கண்டெய்னருக்கு மாற்றுகிறார்கள். அது பெரும்பாலும் உலக நேரத்தில் ஓடும். இரண்டு மாற்றமும் ஒரே ரிலீஸில் போனால் தப்பு எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு இடத்தில் நூற்றுக்கணக்கான பிறந்ததேதிகள் ஒருநாள் பின்னால் போய், வயது வரம்பின் விளிம்பில் இருந்தவர்களுக்குத் தொகையே மாறிவந்தது. பிறந்ததேதி, பாலிசி தேதி மாதிரி நேரம் இல்லாத தேதிகளுக்கு ஜாவாவில் லோக்கல்டேட், ஜேசனில் வருடம்-மாதம்-நாள் என்ற வெறும் ஸ்ட்ரிங், ரியாக்ட்டிலும் அதே ஸ்ட்ரிங். டேட் ஆப்ஜெக்ட்டாக மாற்றவே வேண்டாம்.

எரர் கையாளுதலில் ஒரே எச்சரிக்கை. ஃபிளெக்ஸில் சர்வர் எக்செப்ஷன் எறிந்தால் ஃபால்ட் ஹேண்ட்லர் கூப்பிடப்படும். பிரவுசரின் ஃபெட்ச் அப்படியில்லை. சர்வர் 500 என்று சொன்னாலும் அது 'பதில் வந்துவிட்டது' என்றே நினைக்கும். எல்லா அழைப்பும் ஒரே சின்ன ஃபங்ஷன் வழியாகப் போகட்டும், அங்கே ஸ்டேட்டஸைச் சோதித்து எறியுங்கள்.

பாதுகாப்புக்கு வருவோம். ரியாக்ட்டில் கட்டிய ஃபைல்களையும் ஜாவா ஏபிஐயையும் ஒரே டொமைனில், ஒரு ரிவர்ஸ் புராக்ஸிக்குப் பின்னால் வைத்துவிட்டால் கார்ஸ் (CORS, வேறு டொமைனுக்குப் போகும் அழைப்பைப் பிரவுசர் தடுக்கும் விதி) தலைவலியே வராது. லாகினுக்கு இப்போது இருக்கும் செஷன் குக்கியே போதும். ஹெச்டிடிபிஒன்லி, செக்யூர் இரண்டும் போட்டு, ஸ்பிரிங் செக்யூரிட்டியின் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பை (வேறு தளம் பயனர் பெயரில் ரிக்வெஸ்ட் அனுப்புவதைத் தடுப்பது) அணைக்காமல் வையுங்கள். டோக்கனை லோக்கல்ஸ்டோரேஜில் வைக்கச் சொல்லும் டுட்டோரியல்கள் ஏராளம். உங்கள் மாதிரி ஒரே அலுவலகத்துக்கான மென்பொருளுக்கு அது தேவையே இல்லை. இதைவிட முக்கியம், ஃபிளெக்ஸில் பட்டனை மறைத்ததையே நாம் அனுமதிக் கட்டுப்பாடு என்று நம்பிக்கொண்டிருந்தோம். நிஜமான சோதனை ஒவ்வொரு சர்வீஸ் மெத்தடின் வாசலிலும் இருக்க வேண்டும்.

எந்தப் பதிப்பில் கட்டுவது? ஒரே நாளில் எல்லா ஸ்கிரீனும் மாறப்போவதில்லை, ஆறு மாதமோ ஒரு வருடமோ பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். பிளேஸ்டிஎஸ், சர்வ்லெட் கிளாஸ்களின் பழைய ஜாவாஎக்ஸ் (javax) பேக்கேஜ் பெயர்களில் எழுதியது. டாம்கேட் 10 புதிய ஜகார்த்தா (jakarta) பெயர்களுக்கு மாறிவிட்டது. அதில் பிளேஸ்டிஎஸ் அப்படியே ஓடாது. ஸ்பிரிங் பூட் 3ம் ஜகார்த்தாதான், ஜாவா 17 வேண்டும். எனவே இடைக்காலத்துக்கு டாம்கேட் 9இல், அதே வார் (WAR) ஃபைலுக்குள், அதாவது டாம்கேட்டில் ஏற்றும் அதே பொட்டலத்துக்குள், மெசேஜ்புரோக்கர் சர்வ்லெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் எம்விசியின் சர்வ்லெட் ஒன்றைச் சேர்த்து, இரண்டும் அதே சர்வீஸ் பீன்களைக் கூப்பிடும்படி வையுங்கள். கடைசி ஃபிளெக்ஸ் ஸ்கிரீன் போன பிறகு மேலே ஏறலாம். புதிதாக வந்தவர்கள் முதல் நாளே ஸ்பிரிங் பூட் 3 என்று ஆரம்பிப்பார்கள், கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள்.

சர்வரே தகவல் தள்ளும் வசதியை நீங்கள் பயன்படுத்தினீர்களா என்று எழுதவில்லை. வெறும் 'புது ஆர்டர் வந்தது' மாதிரி அறிவிப்பு என்றால் சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் போதும். இருபக்கமும் இடைவிடாமல் பேச வேண்டும் என்றால்தான் வெப்சாக்கெட். இன்னொன்று, நான் சொன்னதெல்லாம் நூறு, இருநூறு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் உள்மென்பொருள்களில் பார்த்தவை. லட்சம் பேர் வரும் தளத்துக்கு இதே ஆலோசனையைக் கொடுக்க மாட்டேன்.

ஆரம்பிக்கும்முன் ஒரு காரியம் செய்யுங்கள். சர்வீஸ் கிளாஸ்கள் முழுக்க ஃபிளெக்ஸ்கான்டெக்ஸ்ட் என்ற பெயரைத் தேடுங்கள். செஷனையும் லாகின் விவரத்தையும் அந்த கிளாஸ் வழியாகத்தான் எடுத்திருப்பார்கள், ரெஸ்ட் வழியாக வந்தால் அது நல் கொடுக்கும். நாலைந்து இடத்தில் மட்டும் வந்தால் அவற்றைச் சரிசெய்துவிட்டு உடனே முதல் ஸ்கிரீனைத் தொடங்கலாம். நூறு இடத்தில் வந்தால், ரியாக்ட்டைத் தொடும்முன் ஒரு மாதம் அதற்கே வேண்டும் என்று மேலே இருப்பவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். எண்ணிக்கையைப் போட்டால் மேற்கொண்டு பேசலாம்.